கொல்லைச் செம்பருத்தியா, கடைப் பையா: காய்ந்த பூவுக்கு ஒரு டெல்டா வீட்டுக் கணக்கு

சென்னையில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு வந்தபோது ஒரு காகிதப் பை கொண்டுவந்தாள். பையின் மேல் கொட்டை எழுத்தில் ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று போட்டு, பக்கத்திலேயே பளிச்சென்று ஒரு செம்பருத்திப் பூ படம். “பாட்டியோட பிரஷருக்கு நல்லதாம்மா, தினம் போட்டுக் கொடு” என்றாள். என் மாமியார் பையைப் பிரித்தார். உள்ளே கருஞ்சிவப்பாகச் சுருண்டு கிடந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். முகம் சுருங்கியது. “இது ஏது செம்பருத்தி? செம்பருத்தி எங்கேயாவது புளிக்குமா? புளிச்சக்கீரைக் காயோட தோட்டை உரிச்சுக் காயப்போட்டு வச்சிருக்கான்.”

அத்தை சொன்னது சரி. கடைகளில் ஹைபிஸ்கஸ் டீ என்று விற்பதில் பெரும்பகுதி நம் கொல்லைச் செம்பருத்தி இல்லை. அது ரோசெல் என்ற செடி. புளிச்சக்கீரை வகை. ஆந்திரப் பக்கம் கோங்குரா என்று கொண்டாடுகிறார்களே, அதில் சிவப்புத் தண்டுள்ள ரகம் இதுதான். பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றாக ஒரு சிவப்புத் தோடு நிற்கும். பள்ளிக்கூடத்தில் புல்லிவட்டம் என்று படித்திருப்போம். அதைத்தான் காயவைத்து விற்கிறார்கள். ஆக, பைக்குள் இருப்பது பூவே இல்லை. செம்பருத்தி, ரோசெல் இரண்டையும் தாவரவியலில் ஹைபிஸ்கஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருப்பதால் பெயர் பொதுவாகிவிட்டது. வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. சின்ன வயதில் பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்கள், அதன் பூவையும் ஒரு செம்பருத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜாடை தெரியும்.

பெயர்க் குழப்பம் தீர்ந்ததும் வேறு கேள்வி வந்தது. எங்கள் வீடு பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றுக்கு அருகில். கொல்லை வேலியில் ஏழு செம்பருத்திச் செடி நிற்கிறது. நாளைக்கு முப்பது நாற்பது பூ. சாமி படத்துக்குப் போனது போக மிச்சம் அப்படியே வாடி விழுகிறது. இத்தனை பூவை வைத்துக்கொண்டு ஐம்பது கிராம் பைக்குக் காசு கொடுக்க வேண்டுமா? இதையே காயவைத்துக்கொண்டால் என்ன? இல்லை, நாட்டு மருந்துக் கடையில் செம்பருத்திப் பூ என்று சாக்கில் வைத்திருக்கிறார்களே, அதை வாங்கலாமா? பொடி வாங்கலாமா? ஒரு வருஷம் இதையெல்லாம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் எந்த வீட்டுக்கும் பொருந்தக்கூடிய கணக்கு என்பதால் எழுதி வைக்கிறேன்.

வாயில் வைத்தால்

ருசியில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செம்பருத்தி இதழுக்குச் சொந்த ருசி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மென்றால் வெண்டைக்காய் மாதிரி ஒரு வழவழப்பு, கடைசியில் லேசான துவர்ப்பு, அவ்வளவுதான். காய்ந்த பிறகு அதுவும் குறைந்து வைக்கோல் வாசனை வந்துவிடுகிறது. அதன் பெருமையெல்லாம் நிறத்தில்தான். ரோசெல் தோடு அப்படியில்லை. நல்ல புளிப்பு, பின்னால் ஒரு பழவாசனை. புளியும் எலுமிச்சையும் செய்கிற வேலையைச் சமையலில் இது செய்யும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். இரண்டிலும் சிவப்பைக் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவற்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பதும் அந்த வகைதான். புளிப்பு பட்டால் சிவக்கும், புளிப்பு குறைந்தால் ஊதாவாகும், காரத்தன்மை ஏறினால் நீலம், பச்சை என்று போய்விடும். ரோசெல்லில் புளிப்பு கூடவே இருப்பதால் எந்தத் தண்ணீரில் போட்டாலும் சிவப்பாக இறங்கும். செம்பருத்திக்கு அந்தத் துணை கிடையாது. வெந்நீரில் போட்டால் இதழ் வெளுத்து, தண்ணீர் மங்கலான ஊதாவாகிறது. எங்கள் போர் தண்ணீரில் போட்டபோது பழைய பேனா மை கலந்த மாதிரி ஆனது. பார்த்ததும் அத்தை டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். அரை மூடி எலுமிச்சை பிழிந்த நொடியில் அது ரத்தச் சிவப்பாக மாறியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் வேடிக்கை. நாலு டம்ளர் ஊற்றி நாலு தடவை பிழிந்து காட்ட வேண்டியிருந்தது.

அந்த உற்சாகத்தில் அடுத்த நாள் காய்ந்த செம்பருத்தியைப் பொடித்து இட்லி மாவில் கலந்தேன். ரோஜா நிறத்தில் இட்லி வரும் என்று கனவு. மாவு கொஞ்சம் புளிப்பு ஏறியிருந்ததால் ஆப்பசோடாவும் ஒரு சிட்டிகை போட்டிருந்தேன். மூடியைத் திறந்தால் சாம்பலில் பச்சை கலந்தாற்போல் ஒரு நிறம். ருசியில் ஒன்றும் குறை இல்லை, ஆனால் சட்னியை மேலே ஊற்றி மறைத்துத்தான் சாப்பிட முடிந்தது. செம்பருத்தியை மாவில் கலப்பதானால் சோடா போடாத தோசைக்குக் கலக்கலாம். அங்கேயும் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

செம்பருத்திக்குச் சரியாகப் பொருந்துவது சர்பத்தும் மணப்பாகும்தான். சித்த மருத்துவத்தில் செம்பரத்தம்பூ மணப்பாகு என்று ஒன்று உண்டு. இதழ், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சுவது. அதற்கு அன்று பறித்த பூதான் நல்லது. காய்ந்த பூவில் செய்தும் பார்த்தேன், நிறம் பாதிதான் வந்தது. அப்புறம் தயிர்ப் பச்சடி. அதற்கும் பச்சை இதழைத்தான் நறுக்கிப் போட வேண்டும், காய்ந்தது நாரைப் போல வாயில் நிற்கும்.

காய்ந்த ரோசெல் தோடு சமையலறையில் எத்தனை இடத்தில் உட்காருகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு அதன் மேல் மதிப்பு வந்தது. ஒரு கைப்பிடியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கரைத்தால் புளிக்கரைசலுக்குப் பதில் ரசம் வைக்கலாம். பருப்புத் தண்ணீரில் மிளகு சீரகம் தட்டிப் போட்டு, கடைசியில் இந்தக் கரைசலை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். ரொம்ப நேரம் கொதித்தால் சிவப்பு போய்ப் பழுப்பாகிவிடும். ஊறிய தோட்டைத் தூக்கிப் போடக் கூடாது. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பூண்டு, வரமிளகாய் தாளித்து, தோட்டை அரைத்துச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை சுருட்டினால் தொக்கு. பழைய சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. இந்தத் தோட்டில் பெக்டின் இருப்பதால், சர்க்கரை போட்டுக் கிளறினால் தானாகவே ஜாம் மாதிரி இறுகும்.

பங்குனியில் ராமநவமிக்குப் பானகம் கரைக்கும்போது புளிக்குப் பதில் இதைப் போட்டேன். வெல்லம், சுக்கு, ஏலக்காய் எல்லாம் வழக்கப்படிதான். நிறம் மட்டும் திராட்சை ரசம் மாதிரி வந்தது. ‘சாமிக்கு வழக்கமா வைக்கிறதுதான், மீதியில என்ன வேணும்னாலும் பண்ணு’ என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டதால் பாதிக்குப் பாதிதான். முதலில் தீர்ந்தது சிவப்புப் பானகம்.

வெளியூர்களில் இதை நம்மைவிட நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்று சூடாகவும் குளிரவைத்தும் குடிக்கிறார்கள். செனகலில் இதற்குப் பெயர் பிசாப், மெக்சிகோவில் ஜமைக்கா தண்ணீர். ஜமைக்கா தீவிலோ சோரல் என்று சொல்லி, இஞ்சி தட்டிப் போட்டுக் கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சுகிறார்கள். நம் பானகத்துக்கும் அதற்கும் இடைவெளி அதிகமில்லை.

ஒரு எச்சரிக்கை. கும்பகோணம் பித்தளை டபராவில் இதை ஊற்றாதீர்கள். புளிப்பு பட்டால் பித்தளை களிம்பு ஏறும் என்பது ஈயம் பூசக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூடாக இருக்கிறதே என்று பழக்க தோஷத்தில் ஊற்றிவிடுவோம். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் போதும்.

உடம்புக்கு என்ன செய்கிறது

பைக்குப் பின்னால் எழுதியிருப்பதை நம்பினால் இது தீர்க்காத வியாதியே இல்லை. அதில் ஓரளவு நிற்கக்கூடியது ரத்த அழுத்தம்தான். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. லேசாக அழுத்தம் கூடியிருந்த, மாத்திரை எடுக்காத 65 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் இந்தத் தேநீரைக் கொடுத்தார்கள். ஒரு கோப்பைக்கு ஒன்றேகால் கிராம் தோடு. மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. அதே நிறத்தில் அதே ருசியில் வெறும் பானம் குடித்த மறு பாதிக்கு 1.3 தான் இறங்கியது. 2015-ல் இப்படிப்பட்ட ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் மேல் அளவில் ஏழரை, கீழ் அளவில் மூன்றரைப் புள்ளி என்ற மாதிரிதான் கணக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வெல்லாம் புளிப்பு ரோசெல்லில் நடந்தவை. பையில் செம்பருத்திப் படத்தைப் போட்டு இந்தப் புகழை எழுதும்போது, படிக்கிறவர்கள் கொல்லைப் பூவுக்கும் அதே குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செம்பருத்தியில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் எலியோடு நின்றவை. ஏழு புள்ளி என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் 160-ல் இருப்பவரை அது 120-க்குக் கொண்டுவராது. எங்கள் தெருவில் ஒருவர் காலையில் இதைக் குடிக்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் தலைசுற்றல், ஆஸ்பத்திரி. பூவின் மேல் தப்பு இல்லை, அதை மாத்திரைக்கு மாற்று என்று நினைத்ததுதான் தப்பு.

மாத்திரையை நிறுத்தாமலேயே குடிப்பவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைத் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையோடு இதைக் குடித்தவர்களுக்கு, அந்த மருந்து சிறுநீரில் வெளியேறும் அளவு குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. மூட்டு வலிக்கு அதைப் போடாத வயசானவர் எந்த வீட்டில் இருக்கிறார்? கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் செம்பருத்தி, ரோசெல் இரண்டையுமே விட்டுவிடுவது நல்லது. செம்பருத்திப் பூவின் சாற்றுக்குக் கருத்தரிப்பைத் தடுக்கும் குணம் எலிகளில் பார்க்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை. பூ சிவப்பு, ரத்தமும் சிவப்பு, ஆகையால் ரத்தம் ஊறும் என்பது காலம் காலமாகச் சொல்வது. பூவின் சிவப்பு மேலே சொன்ன ஆந்தோசயனின், ரத்தத்தின் சிவப்பு இரும்புச்சத்து சார்ந்தது. நிறம் ஒன்றாக இருப்பது தற்செயல். சொல்லப்போனால் இந்த மாதிரித் துவர்ப்புப் பானங்களைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது குறையக்கூடும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு முருங்கைக்கீரையும் டாக்டர் கொடுக்கும் மாத்திரையும்தான். இதைக் கொடுப்பதானால் சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும்.

தலைமுடிக்கு? அதற்குக் காய்ந்த பூவை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். 2003-ல் வெளியான ஓர் எலி ஆய்வில் பூவின் சாற்றைவிட இலைச் சாறுதான் முடி வளர்ச்சிக்கு நன்றாக வேலை செய்தது. நம் பாட்டிமார் வெள்ளிக்கிழமை இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்ததுதான் சரியான வழி போலிருக்கிறது. இலை வேலியில் சும்மா கிடைக்கிறது.

இன்னும் ஒன்று. இரண்டிலும் கஃபீன் கிடையாது, டீ என்பது பேச்சுக்குத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காபி குடித்தால் தூக்கம் வரவில்லை என்பவர்களுக்கு இது உதவும். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இரண்டாவது காபிக்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை போடாமலே தினம் பலமுறை சப்பிச் சப்பிக் குடித்தாலும் புளிப்பு பல்லின் எனாமலை அரிக்கும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாய் கொப்பளிப்பது போதும்.

காயவைக்கிற பாடு

வீட்டுப் பூவைக் காயவைக்கலாம் என்ற யோசனை சொல்ல நன்றாக இருக்கிறது. செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும். பனி காய்ந்தபின் எட்டு ஒன்பது மணிக்குள் பறிக்க வேண்டும். அடியில் இருக்கும் பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டை உருவி, உதறினால் இரண்டு மூன்று எறும்பாவது விழும். ஐந்தே இதழ் உள்ள ஒற்றைச் சிவப்புத்தான் மருந்துக்கும் வாய்க்கும் வழக்கம். அடுக்குச் செம்பருத்தி கனமாக இருப்பதால் நடுவில் காயாமல் நிற்கும். நர்சரியில் வாங்கிய புதுச் செடியின் பூவை உடனே சாப்பிட வேண்டாம். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி அடிக்கடி வரும், பூச்சிக்கு மருந்து அடித்தே செடியை விற்பார்கள். பூக்கடைப் பூவும் அப்படியே.

நிழலில்தான் உலர்த்த வேண்டும், நேர் வெயிலில் நிறம் வெளுத்துவிடும். வேட்டித் துணியை விரித்து இதழ் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினால், சித்திரையிலும் வைகாசியிலும் மூன்று நாளில் காகிதம் போல் காய்ந்துவிடும். நூறு பூவைக் காயவைத்தால் கடைசியில் ஒரு கைப்பிடி தேறும். நான் ஆரம்பித்ததோ ஐப்பசியில். மகள் பை கொண்டுவந்த சூட்டோடு, ஒரு மாத அடைமழைக்கு நடுவில், ஃபேனைப் போட்டு அறைக்குள் பரப்பினேன். ஐந்தாம் நாளும் இதழ் தோல் மாதிரி வளைந்தது. சரி, போதும் என்று டப்பாவில் போட்டு மூடினேன். கார்த்திகை தீபத்தன்று திறந்தால் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்து, பழைய சாக்கு வாசனை. இரண்டு வார உழைப்பு எருக்குழிக்குப் போனது. நம் ஊர் மழைக்காலக் காற்றில் மெல்லிய இதழ் முழுசாகக் காயாது, காய்ந்தாலும் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

எருக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்று கேட்டார்: “தினம் பூக்கிறதை எதுக்கும்மா காயப்போடுறே?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குக் கணக்கு நேரானது. நாம் எதை வற்றல் போடுகிறோம்? மணத்தக்காளி, சுண்டை, மாங்காய், கொத்தவரை என்று ஒரு பருவத்தில் கொட்டி, மற்ற நாளில் கண்ணில் படாததைத்தான். செம்பருத்தி தை முதல் மார்கழி வரை வேலியில் பூத்துக்கொண்டே இருக்கிறது. மழையில் கொஞ்சம் குறையும், நிற்காது. கொல்லையில் செடி வைத்திருப்பவர் அதைக் காயவைப்பது, வீட்டில் கிணற்றை வைத்துக்கொண்டு குடத்தில் தண்ணீரைச் சேமிப்பது போலத்தான். ரோசெல் வேறு கதை. பொழுது குறுகும்போதுதான் அது பூக்கும். ஐப்பசி கார்த்திகையில் பூத்து, மார்கழி தையில் தோடு சதைபிடித்து நிற்கும். அதோடு முடிந்தது. ஆக வற்றலுக்குப் பிறந்தது அதுதான்.

தோடு காயவைப்பதும் எளிது. மழை விட்டு, சம்பா அறுவடைக்குக் களம் தயாராகும் நாளில் இது பறிப்புக்கு வருகிறது. பூ உதிர்ந்து மூன்று வாரம் போல, உள்ளே இருக்கும் காய் வெடிப்பதற்கு முன் பறித்து, அடியில் வட்டமாகக் கீறி, காயைப் பின்பக்கமாகத் தள்ளினால் தோடு கிண்ணம் போல் தனியாக வரும். சதை தடிப்பு என்பதால் தை வெயிலைத் தாங்கும். மொட்டை மாடியில் ஓலைப்பாயில் ஐந்தாறு நாள். பனிக்கு முன் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். பத்துக் கிலோ பச்சைத் தோடு காய்ந்து ஒரு கிலோவுக்கு வரும் என்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

கடையில் வாங்குவதானால்

நாட்டு மருந்துக் கடையில் ‘செம்பருத்திப் பூ’ என்று கேட்டால் கொடுப்பது உண்மையான செம்பருத்திதான், முழுப் பூவாகக் காய்ந்தது. மகரந்தத் தண்டும் காம்பும் அப்படியே இருக்கும், எந்த வேலியில் பறித்தது, எப்போது பறித்தது என்பதற்குக் கணக்கில்லை. நான் வாங்கியது வெளுத்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. தலைக்குக் காய்ச்சும் எண்ணெயில் போடலாம், குடிக்க மனசு வரவில்லை. அதே கடையில் பெரியவரிடம் ‘புளிச்சக்காய்த் தோடு இருக்கா ஐயா?’ என்று கேட்டேன். ‘டீக்குக் கேக்குறாங்களே அதாம்மா?’ என்று உள்ளே போய் எடுத்துவந்தார். அழகான பையில் இருந்ததும் இதுவும் ஒன்றேதான், விலை மட்டும் அந்தப் பையின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கும்போது தோடு முழுசாக, கருஞ்சிவப்பாக, வளைத்தால் ஒடியாமல் கொஞ்சம் தோல் போல இருக்க வேண்டும். பழுப்பேறியது பழையது.

டீ பேக் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது தூள், அதை ரசத்திலும் போட முடியாது, தொக்கும் செய்ய முடியாது. சிலதில் ஓரத்தில் சின்ன எழுத்தில் எலுமிச்சைப்புல், இலவங்கப்பட்டை, வாசனை என்று நீளும். ஆபீஸில் வெந்நீர் மட்டும் கிடைக்கிறவர்களுக்குச் சரி.

பொடியை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். எதை அரைத்தது என்று கண்ணால் பார்க்க முடியாது. செம்பருத்தியா ரோசெல்லா என்றே பல பாக்கெட்டில் தெளிவாக இல்லை, முகத்துக்குப் போடும் பொடியும் வாய்க்குப் போடும் பொடியும் ஒரே அலமாரியில் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கால் ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் ஆப்பசோடா தூவுங்கள். பூவின் நிறம் என்றால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். சோடா போட்டும் அதே சிவப்பாக நின்றால், அந்தச் சிவப்பு பூவிலிருந்து வந்ததில்லை. என் சாம்பல் இட்லி கற்றுக்கொடுத்த பாடம் இதற்காவது உதவட்டும்.

எங்கள் வீட்டில் முடிவானது

செம்பருத்தியைக் காயவைப்பதை விட்டுவிட்டோம். வேண்டும்போது பத்துப் பூவைப் பறித்து, வெந்நீர் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, நன்னாரி சர்பத் இரண்டு ஸ்பூன் விட்டுக் குடிக்கிறோம். விருந்தாளி வந்தால் நிறம் மாறுவதைக் காட்டுவதற்கு என்றே கண்ணாடி டம்ளர் வெளியே வரும். வெளிநாட்டிலோ அடுக்குமாடியிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமானால் மட்டும் சித்திரையில் காயவைக்கலாம். அப்போதும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காமல் தீர்த்துவிட வேண்டும்.

அத்தைக்குத் தோடுதான். டாக்டரிடம் கேட்டதில் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு, நாளுக்கு ஒரு டம்ளர் குடிக்கலாம் என்றார், வாரம் ஒருமுறை அளவு பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார். ஒரு டம்ளருக்கு நாலைந்து தோடு, கொதித்து இறக்கிய தண்ணீரில் ஏழெட்டு நிமிஷம் மூடி வைக்கிறேன். சுக்கு ஒரு துண்டு தட்டிப் போட்டால் அவர் குறை சொல்வதில்லை. ஊறிய தோட்டை ஒரு கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்தால் வார முடிவில் ஒரு தொக்குக்கு வந்துவிடுகிறது.

மகள் கொண்டுவந்த பை தீர்ந்ததும் மருந்துக் கடையில் நூறு கிராம் வாங்கினேன். அதுவும் இனி தேவைப்படாது என்று நினைக்கிறேன். போன ஆடியில், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகு, கீரைக்காரம்மா கொடுத்த சிவப்புத் தண்டு விதையைக் கொல்லையில் இரண்டு இடத்தில் ஊன்றினேன். எங்கள் களிமண்ணில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் மண்ணை முழங்கால் உயரம் மேடாக அணைத்துத்தான் போட்டேன். ஒன்று காற்றில் சாய்ந்து, கழி கட்டி நிமிர்த்தினேன். ஆடியிலிருந்து ஐப்பசி வரை இளங்கீரையைக் கிள்ளிப் பருப்பில் போட்டுக் கடைந்தாயிற்று. தையில் இரண்டு செடிக்கும் சேர்த்து ஒரு பெரிய தூக்கு நிறையத் தோடு கிடைத்தது, காய்ந்தபின் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

இந்த ஆடிக்கு நாலு குழி போடலாம் என்றேன். மூன்று போதும் என்கிறார் அத்தை. நாலாவது இடத்தில் வெண்டை போட வேண்டுமாம்.